புரிகிற மாதிரி ஒரு புத்தகம்

பட்டாணியில்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பச்சை அட்டைக்காரர் பட்டாணி, நீல அட்டைக்காரர் பட்டாணி, பக்கத்தில் தலையணை கனத்தில் ஒன்று இருக்கிறதே, அதைப் பிரித்தாலும் பட்டாணி. நெட்டைச் செடி, குட்டைச் செடி, உருண்டை விதை, சுருங்கிய விதை. யாரோ ஒரு பாதிரியார் தோட்டத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார், எண்ணட்டும், நல்ல காரியம்தான், ஆனால் என் வீட்டுக்காரிக்கு இன்றோடு பதினாறு வாரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் டோக்கன் நாற்பத்தொன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுந்து வரும்போது பதினேழு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்று வருவதற்குள் இந்தக் கடையில் ஒரு மரபணுப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து, கொண்டுபோய்க் கொடுத்து, அவள் அதைப் படித்து, புரிந்துகொண்டு, சரி என்று தலையாட்டினால் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். அந்த நீரில்தான் தெரியுமாம். இந்தக் குழந்தையும் எங்கள் மூத்தவள் தர்ஷிகா மாதிரியா, இல்லையா என்று. அருப்புக்கோட்டையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் மதுரைக்கு வந்தது இதற்குத்தான். வந்து உட்கார்ந்த பிறகு, நர்ஸ் முன்னாலேயே சொல்கிறாள், "எனக்குப் புரியற மாதிரி ஒரு புத்தகம் வாங்கிட்டு வாங்க மாமா. புரியாம நான் ஊசி குத்திக்க மாட்டேன்." நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். கார்த்தீஸ்வரி சிரிக்கவில்லை. அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான், சின்ன வயதிலிருந்தே அப்படி, எனக்குத் தெரியாதா, நான் பார்த்து வளர்ந்த பிள்ளைதானே.

புரிகிற மாதிரி. இந்த ரெண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அரைமணி நேரமாக நிற்கிறேன். கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு, "யாருக்கு சார்? நீட்டா?" என்றார். இல்லை என்றேன். "டிஎன்பிஎஸ்சியா?" இல்லை. "அப்ப காலேஜா? பிஎஸ்சி சூவாலஜியா?" வீட்டுக்கு என்றேன். "வீட்டுல யாரு படிக்கிறாங்க?" என்ன சொல்வது? சும்மா தெரிஞ்சுக்கத்தான் என்றேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மரபணுவைச் சும்மா தெரிந்துகொள்ள யாராவது வருவார்களா என்று நினைத்திருப்பார், ஒரு வினா விடைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். குரோமோசோம்களின் எண்ணிக்கை எத்தனை, அ, ஆ, இ, ஈ. விடை கடைசிப் பக்கத்தில் தலைகீழாக. எனக்கும் கடைசிப் பக்கத்தில் விடை இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். அடுத்து ஒரு சிறுவர் புத்தகம். செல்லுக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்திருந்தார்கள், நடுவில் உட்கருவுக்குக் கிரீடம், அது சிரித்துக்கொண்டே நான்தான் ராஜா என்கிறது. என் பெண்டாட்டி இதைப் பார்த்தால் என் தலையில் போடுவாள். தலையணைப் புத்தகத்தை நடுவில் பிரித்தேன். ஒரு வாக்கியம் முக்கால் பக்கம் போகிறது, முற்றுப்புள்ளி வருவதற்குள் மூச்சு முட்டுகிறது. மொழிபெயர்த்தவருக்கே புரிந்திருக்குமா என்று சந்தேகம். தொடக்கநிலையினருக்கு என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எதில் தொடக்கநிலை? பரீட்சைக்குப் படிப்பவர்கள் எல்லாரும் ஒரு தொடக்கநிலை. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து ஏன் என்று கேட்கிறவளும் ஒரு தொடக்கநிலைதானே, அவளுக்கு எந்தத் தட்டு? அவள் ப்ளஸ் டூவில் காமர்ஸ், ஆனால் கெட்டிக்காரி. டாக்டரம்மா நாலில் ஒன்று என்று சொன்னபோது, "நாலு பிள்ளை பெத்தா ஒண்ணுக்கு வருமா மேடம்?" என்றுதான் முதலில் கேட்டாள். அப்படி இல்லைம்மா, ஒவ்வொரு தடவையும் புதுசா நாலில் ஒன்று, போன தடவை வந்ததால் இந்தத் தடவை வராது என்று கிடையாது, வந்ததால் வரும் என்றும் கிடையாது என்றார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில், காரியாபட்டி தாண்டியபிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அப்ப தர்ஷிகா போனது எதுலயுமே சேராதா மாமா?" என்றாள். இதற்குப் பதில் எந்த அட்டைக்குள் இருக்கும்?

சிவப்பு அட்டையை நானாக எடுக்கவில்லை. மூன்றாவது தட்டில் பச்சையை உருவும்போது அதுவும் கூடவே வந்து விழுந்தது. ஒல்லியாக இருக்கிறது, யாரோ ஓய்வுபெற்ற பேராசிரியர் எழுதியது, பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறார். முதல் பக்கத்திலேயே, உங்கள் உடம்பில் எல்லாம் இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்றில் பிழை இருந்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும், என்று போகிறது. அப்பாடா என்று இருந்தது. பட்டாணி இல்லை. நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன், சார் பதிவாளர் ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டு பதினோரு வருஷம், எனக்குப் பிரதி, பிழை என்றால் சட்டென்று பிடிபடும். மூலப் பத்திரத்தில் சர்வே எண்ணை ஒருத்தன் தப்பாக எழுதிவிட்டால் அதைப் பார்த்து எழுதுகிற எல்லாப் பத்திரத்திலும் அந்தத் தப்பு ஏறிக்கொண்டே வரும், மூன்று தலைமுறை வரை யாருக்கும் தெரியாது, விற்கப் போகும்போதுதான் தெரியும். இது அவளுக்கும் புரியும். நான் ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்து எத்தனை வில்லங்கக் கதை சொல்லியிருக்கிறேன். இதுதான் புத்தகம், இதுதான், என்று பில் போடத் திரும்பினேன், திரும்பினவன் சும்மா போயிருக்கக் கூடாதா, நடுவில் ஒருதரம் புரட்டினேன். அறுபத்தொன்றாம் பக்கம். சதுரம், வட்டம், சதுரம், வட்டம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ரெண்டு மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா எங்கள் குடும்பத்தை வரைந்தாரே, அதே படம். எங்கம்மா ஒரு வட்டம், அதிலிருந்து கீழே இறங்கி அக்கா ஒரு வட்டம், நான் ஒரு சதுரம், அக்காவுக்குக் கீழே கார்த்தீஸ்வரி ஒரு வட்டம். பிறகு பேனா சாய்வாகப் போய் என் சதுரத்தையும் அவள் வட்டத்தையும் சேர்த்தது, ஒரு கோடு போடவில்லை, ரெண்டு கோடு போட்டார். எதுக்கு மேடம் ரெண்டு கோடு என்று கேட்டதற்கு, சொந்தத்துல கட்டினா அப்படித்தான் போடுவோம் என்றார். வாரிசு வரைபடம் நானும் ஆயிரம் போட்டிருக்கிறேன், எல்லாம் கீழே போகப் போக விரியும். எங்களுடையது போன இடத்திலிருந்து திரும்பி வந்து அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது.

அக்காவைக் குற்றம் சொல்லவில்லை. மச்சான் போன பிறகு அவளுக்கு ஒரே பிள்ளை. வெளியில் கொடுத்தால் எவன் எப்படி வைத்திருப்பானோ, "உன் கையில குடுத்தா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன்டா தம்பி" என்றாள். எனக்கு இருபத்தொன்பது, கார்த்தீஸ்வரிக்குப் பத்தொன்பது. ஊரில் ஒருத்தராவது ஏன் என்று கேட்டார்களா? தாய்மாமன் இருக்கும்போது வேறு யாருக்குக் கொடுப்பது என்றுதான் எல்லோரும். எனக்குப் பிடிக்கவில்லையா என்றால் அதுவும் பொய், பிடித்துத்தான் இருந்தது, இன்றைக்கும் அவள் இல்லாமல் எனக்கு ஒரு வேளை சோறு இறங்காது. ஆனால் இவளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தது நான். பத்து வயது எனக்கு, அரை நிக்கர், கழுத்தில் மாலை, புது வேட்டி எல்லாம் இல்லை, ஒரு துண்டைக் கட்டிவிட்டார்கள், ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் கத்தினாள், நானும் சேர்ந்து கத்தினேன், இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்புறம் தர்ஷிகாவுக்குக் காது குத்த வேண்டி வந்தது. ஏழாம் மாதம். அவளுக்குத் தாய்மாமன் யார்? கார்த்தீஸ்வரிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. "நீயே உக்காருய்யா, அப்பனும் நீ மாமனும் நீ, சீர் செலவு மிச்சம்" என்று பந்தலே சிரித்தது. உட்கார்ந்தேன். குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை. ஏழு மாதத்தில் நிற்க வேண்டிய கழுத்து, என் கை முட்டியில் தொங்கிக்கொண்டு கிடந்தது. தூக்கக் கலக்கம் என்றார்கள். ஊசி இறங்கும்போது கத்துவாள் என்று இறுக்கிப் பிடித்தேன், அவள் கத்தவில்லை, ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான், நல்ல பிள்ளை பாரு அழவே இல்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். எங்கம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு முன்னால் அவளுக்கு ஒன்று பிறந்து கழுத்து நிற்காமலே போனதாம், அம்மாவும் அப்பாவும் அத்தை மகள் மாமன் மகன்தான், அதை இத்தனை வருஷம் யாரும் பேசியதில்லை. பதினாலு மாதம் இருந்தாள் தர்ஷிகா. கண் மட்டும் நன்றாகப் பேசும். கடைசியில் மூச்சு விடுவதற்கே அவளுக்குத் தெம்பு இல்லை.

கடைக்காரம்மா மின்விசிறியைக் கூட்டி வைத்தார், எனக்கு வியர்த்திருக்க வேண்டும். அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திரும்பவும் படிக்கிறேன். படத்துக்குக் கீழே நாலு வரி. மிக நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்கள், குறிப்பாகத் தாய்மாமன் முறையில், முதல் கர்ப்பத்திலேயே மருத்துவரிடம் அந்த உறவை மறைக்காமல் சொல்ல வேண்டும், சொன்னால் முன்கூட்டியே சோதிக்க வழியுண்டு. மறைக்காமல். இந்தப் பேராசிரியர் எந்த ஊர்க்காரரோ, எங்கள் ஊர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். முதல் தடவை, மூன்றாம் மாதம், எங்கள் ஊரில் ஒரு கிளினிக். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த ஆள்தான் சொல்லிக்கொடுத்தான். "அக்கா மகள்னு சொல்லிராதீங்கண்ணே. வண்டி வண்டியாத் திட்டுவாங்க. அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட்டுன்னு மதுரைக்கு வெரட்டுவாங்க. தூரத்துச் சொந்தம்னு சொல்லுங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றது." உள்ளே போனோம். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் கார்த்தீஸ்வரியைப் படுக்க வைத்து நர்ஸ் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தலை நிமிராமல், சொந்தமா என்றார். தூரத்துச் சொந்தம் என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது, ஒரு நிமிஷம்கூட இல்லை. நான் தினமும் எழுதுகிற வரிதானே, சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லையென உறுதி கூறுகிறேன், எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருப்பார்களா? யாருக்குத் தெரியும். மதுரைக்கு அனுப்பியிருப்பார்கள், ஊசி போட்டிருப்பார்கள், தெரிந்திருக்கும். இல்லை, அனுப்பாமலே ஒரு சத்து மாத்திரையோடு விட்டிருப்பார்கள். தெரிந்திருந்தால் தர்ஷிகா பிறந்தே இருக்க மாட்டாளா? அந்தப் பதினாலு மாதம் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, வேண்டும் என்று சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. இதிலே ரெண்டு மாதத்துக்கு முன்னால் இன்னொரு பொய். இந்த டாக்டரம்மா கேட்டார், முதல் கர்ப்பத்தில் உறவு பற்றி யாரும் விசாரிக்கவே இல்லையா என்று. இல்லை மேடம் என்றேன். கார்த்தீஸ்வரி பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் என்னை என்னவென்று நினைப்பாள்?

ஆக இப்போது நான் தேடுவது வேறு புத்தகம். அரைமணியாகத் தேடியதற்கு நேர் எதிரான புத்தகம். அவளுக்குப் புரியவும் வேண்டும், அந்த நாலு வரி இருக்கவும் கூடாது. பிரதி, பிழை, நாலில் ஒன்று, இதுவரைக்கும் வந்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்றுவிட வேண்டும். சிவப்பையே வாங்கி அந்த ஒரு தாளைக் கிழித்துவிட்டால்? கிழிக்கலாம், ரோட்டோரத்தில் குப்பைத் தொட்டி இருக்கிறது. ஆனால் அறுபதுக்கு அடுத்து அறுபத்துமூன்று வந்தால் அவளுக்குத் தெரியாதா, என் கூட இருந்து பத்திரத்தில் பக்க எண் சரிபார்க்கக் கற்றுக்கொண்டவள், முதலில் அதைத்தான் பார்ப்பாள். கடையில் இல்லை என்று வெறுங்கையோடு போனால் ஊசி போட்டுக்கொள்ள மாட்டாள். போட்டுக்கொள்ளாவிட்டால் நாள் தள்ளிப்போகும், நாள் போனால் எதுவும் செய்ய முடியாத நிலை வரும், பிறந்தபிறகு கழுத்து நிற்கிறதா நிற்கிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும், அது என்னால் ஆகாது, இன்னொரு தரம் என்னால் ஆகவே ஆகாது. சிவப்பைக் கொடுத்தால் அவளுக்கு எல்லாம் புரியும், ஊசி போட்டுக்கொள்வாள், என்னைப் பார்க்க மாட்டாள். பச்சையை எடுத்தேன். முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். பட்டாணி, அப்புறம் ஈ, அப்புறம் மக்காச்சோளம், நாலில் ஒன்றுக்குக் கட்டம் போட்டு விளக்கம். மனுஷனிடம் வரவே இல்லை. பின்னட்டையில் எளிய அறிமுகம் என்று போட்டிருக்கிறது. அறிமுகம் போதாதா? மனதுக்குள் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன், எல்லாவற்றையும் ஒரே நாளில் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது, வயிற்றுப் பிள்ளைக்காரி, மனசு சங்கடப்படக் கூடாது. நல்ல நியாயம். சிவப்பை மூன்றாவது தட்டில் அட்டை தெரியாதபடி உள்ளே தள்ளி வைத்தேன். அப்படி ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை, அவள் என்ன கடைக்கு வரப்போகிறாளா? கடைக்காரம்மா பில் போட்டார். "நல்ல புக்குதான் சார், பசங்க எல்லாம் இதான் வாங்குவாங்க," என்றார். தலையாட்டினேன்.

பையை வாங்கும்போது போன் அடித்தது. கார்த்தீஸ்வரி. "மாமா, டோக்கன் கூப்பிட்டுட்டாங்க. பாதிப் பேர் வரலையாம், சரசரன்னு போயிருச்சு." நான் இதோ வந்துட்டேன் புள்ள, ரோட்டைத் தாண்டினா வந்துருவேன் என்றேன். "பதறாதீங்க. உள்ள போய்ட்டு வந்துட்டேன். ஊசிக்கு மூணு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள படிச்சிருவேன்." சரி என்றேன். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன், அவள் வைக்கவில்லை. பின்னால் யாரோ பேர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "சின்ன டாக்டர் ஒருத்தங்க பாரம் எழுதுனாங்க மாமா. மொதப் பிள்ளைக்குச் சொந்தம் பத்தி யாரும் கேக்கலையான்னு கேட்டாங்க." மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "கேட்டாங்க, நாங்கதான் மாத்திச் சொல்லிட்டோம்னு சொல்லிட்டேன்." நாங்களா, என்றேன். "தெரைக்கு அங்கிட்டு நான்தான படுத்துக் கெடந்தேன். நீங்க தூரத்துச் சொந்தம்னீங்க. மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் சும்மா இருந்துட்டேன். எந்திரிச்சு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மூன்று வருஷம், அவளும் அதையே மென்றுகொண்டு கிடந்திருக்கிறாள், என் பக்கத்திலேயே, ஒரே பாயில். நீ என்ன செய்வே, நான்தானே சொன்னேன், நான்தானே, என்று சொல்ல வாயெடுத்தேன், கடைக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, கேக்குதா?" ம் என்றேன். "அதான் புத்தகம் கேட்டேன். நாம சொல்லாம விட்டதுனாலதான் அவ போனாளா, சொல்லியிருந்தாலும் அப்படித்தானான்னு எனக்குத் தெரியணும். நம்மளப் பத்தி அதுல இருக்கான்னு பாத்து வாங்குங்க, என்ன? பொதுவா எழுதுனது வேணாம்." வைத்துவிட்டாள். கையில் பச்சைப் புத்தகம் பையோடு தொங்குகிறது. "என்ன சார், வேற ஏதாச்சும் வேணுமா?" என்றார் அந்தம்மா. மூன்றாவது தட்டுக்குப் போய்க் கையை உள்ளே விட்டுச் சிவப்பு அட்டையை எடுத்தேன். அறுபத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்துத் திரும்பவும் படித்தேன், சொன்னால் சோதிக்க வழியுண்டு என்று இருக்கிறது, அவ்வளவுதான் இருக்கிறது, அவள் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று புரட்டினேன். அங்கே பேராசிரியர் வேறு நோயைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.